இரண்டாவது தடவை கேட்கும்வரை

லண்டனுக்கு வந்த புதிதில் நான் நிறையத் தேத்தண்ணியை இழந்திருக்கிறேன். வேலை செய்த இடத்தில் யாராவது தண்ணி கொதிக்கக் கெற்றிலைப் போட்டுவிட்டு "டீ?" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டு "நோ, நோ, தேங்க்யூ" என்பேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்களுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் வெறுங்கையோடு நிற்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் "ஏன் உங்களுக்குக் கரைச்சல்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை யாரும் கேட்பதில்லை. கொண்டுவந்து கையில் தந்துவிடுவார்கள். கேட்டவுடனே ஓம் என்பவனை ஆலாய்ப் பறக்கிறான் என்று பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. நடக்கப் பழகியதுபோல வந்தது.

தேத்தண்ணி போனால் போகட்டும். இந்தப் பழக்கத்தால் ஒரு வேலையே என் கையைவிட்டுப் போகப் பார்த்தது. வட லண்டனில், எட்மண்டனில் பிள்ளைகள் படிக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள், கொம்பியூட்டர் வேலைகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். படித்தவர்கள் இருக்க நான் ஏன் என்று மாட்டேன் என்றேன். அவர்கள் எங்கள் ஆட்கள். திரும்பவும் கேட்டார்கள். அதனால் அந்த வேலையின் கதையை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாட்டைவிட்டு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இங்கு வந்து முதலில் பெற்றோல் செட்டில் வேலை செய்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குகிற வேலை. அது மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன், எங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. ஆனால் எனக்குப் பொருந்தவில்லை. வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது கதைப்பார்கள். மழையைப் பற்றிச் சொல்வார்கள், பந்தாட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பத்து வார்த்தை கதைத்த நாளில் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுவேன்.

பிறகு ஒரு ஏஜென்சி மூலம் மூர்கேட் பக்கம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் சாமான் தூக்குகிற வேலை கிடைத்தது. அந்தக் கம்பனி ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தது. மேசை, அலுமாரி, கதிரை, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டர்களை ஒரு கறுத்தக் கேபிள் மேசைக்கு மேசை தொட்டுக்கொண்டு போகும். வரிசையில் எங்காவது ஓர் இடத்தில் அதைக் கழற்றினால் வரிசை முழுவதும் நின்றுவிடும். சாமான் தூக்குகிறவர்கள் மேசையை இழுக்கிற வேகத்தில் கேபிளும் கூட வந்துவிடும். உடனே நாலா பக்கமும் ஆட்கள் எழும்பி நின்று பார்ப்பார்கள். அப்படி எல்லோரும் என்னை எழும்பி நின்று பார்ப்பதை நினைக்கவே எனக்குப் பயம். அதனால் ஒவ்வொரு மேசையைத் தொடுவதற்கு முன்பும் அந்தக் கேபிள்களைப் பார்க்கிற நெட்வேர்க் பகுதிக்குப் போய்க் கதவருகில் நிற்பேன். அவர்கள் யாராவது வந்து கழற்றித் தந்தபிறகுதான் மேசையை நகர்த்துவேன். கெட்டித்தனம் ஒன்றுமில்லை. கூச்சம்தான்.

நெட்வேர்க் பகுதியின் மனேஜர் அதைக் கவனித்திருக்கிறார். உயரமான மனிதர், எப்போதும் சேர்ட் கையை மடித்துவிட்டிருப்பார். மெல்ல மெல்ல என்னைத் தங்கள் வேலைக்குக் கூப்பிடத் தொடங்கினார். தரைப் பலகையை ரப்பர் பிடியால் தூக்க வேண்டும், அடியில் கேபிளை இழுத்துக் கொடுக்க வேண்டும், முனையில் இணைப்பை வைத்து நெரித்துப் பூட்ட வேண்டும். அந்தப் பகுதியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார், படித்த இன்ஜினியர். அவர் என்னை "அண்ணா" என்பார், நான் "தம்பி" என்பேன். நானும் அவரும் தரைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கேபிள் இழுத்த நேரங்கள்தான் நான் இந்த நாட்டில் முதன்முதலில் நிம்மதியாக இருந்த நேரங்கள். கேபிள் மழையைப் பற்றிக் கேட்காது.

இடம் மாற்றுகிற வேலை முடிகிற கட்டம் வந்தது. மாதக் கடைசியோடு ஏஜென்சி ஆட்கள் எல்லோரும் போக வேண்டும். எனக்கு என்றால் திரும்பவும் பெற்றோல் செட்டுத்தான். அந்தக் கண்ணாடியை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒருநாள் மனேஜர் வந்து என் பக்கத்தில் தரையில் குந்தினார். தங்கள் பகுதியில் நிரந்தரமாக ஒரு டெக்னீஷியன் தேவைப்படுகிறது, உனக்கு விருப்பமா என்று கேட்டார்.

வாய் தன் பாட்டில் சொன்னது: "நோ, நோ. இட்ஸ் ஓகே." சிரிப்பும் வந்தது, தலையும் ஆடியது.

"ஃபெயர் இனஃப்" என்றார் அவர். எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கறி கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு திரும்பினாள்.

"மெய்யாவோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாமெண்டு சொன்னனான்."

"அது சொல்லத்தானே வேணும். நாளைக்குத் திரும்பக் கேப்பார்" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பினாள். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்று இரவு அவள் பாயாசம்கூட வைத்தாள்.

அடுத்த நாள் மனேஜர் போகிற வழியில் ஒரு அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "மோர்னிங்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் லிப்டுக்கு அருகில் நின்றேன். "மோர்னிங்" என்றார். அந்த அலுமாரியைப்போல துப்புரவான அலுமாரி அந்தக் கட்டடத்தில் வேறு இருந்திருக்காது. ஒவ்வொரு பின்னேரமும் மனைவி கதவைத் திறந்தபடியே "கேட்டவரோ?" என்பாள். "இல்லை" என்பேன்.

"வெள்ளைக்காரர் கொஞ்சம் ஆறுதலாத்தான் கேப்பினம்போல" என்றாள் ஒருநாள். அந்தக் குரலில் முதல்நாள் இருந்த உறுதி இல்லை.

அடுத்த கிழமை கன்ரீனில் தமிழ்நாட்டுத் தம்பி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாதிரிக் கோபம்.

"ஏண்ணா வேணாம்னு சொன்னீங்க? எங்க கூட வேலை செய்யப் பிடிக்கலையா?"

"ஆர் சொன்னது பிடிக்கேல்லையெண்டு?"

"மேனேஜர்தான் சொன்னாரு. அவரா வந்து கேட்டாராம், நீங்க வேணாம்னுட்டீங்களாம். இப்ப அந்த வேலைக்கு ஆள் தேவைன்னு போர்டுல ஒட்டியாச்சு. வெள்ளிக்கிழமையோட முடியுது."

"அவர் இன்னும் திரும்பக் கேக்கேல்லையே" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கியது. கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கன்ரீனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததில் எனக்கு உடம்பு கூசியது.

"அண்ணா, இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்க. நம்ம ஊர்லயும் நீங்க சொல்றாப்பலதான். ஆனா நான் வந்த முத வாரமே பட்டினி கிடந்து கத்துக்கிட்டேன். வீட்டுக்காரம்மா சாப்பிடுறியான்னாங்க. வேணாங்கன்னேன். சட்டியக் கழுவிக் கவுத்துட்டாங்க."

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"போய்க் கேளுங்க."

"நானோ?"

"பின்ன நானா? எனக்குத்தான் வேலை இருக்கே."

அன்று வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். நான் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். ஒருமுறை வேண்டாம் என்ற வாயால் போய் தா என்று எப்படிக் கேட்பது என்றேன். வெட்கமாக இருக்கிறது என்றேன். மனைவி சண்டை பிடிக்கவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"வெக்கமெண்டா பெற்றோல் செட்டுக்குப் போங்கோ. அங்க நாள் முழுக்க வாற போற எல்லாரோடையும் கதைக்க வேணும். இந்தாளோட ஒருக்காக் கதைச்சாக் காணும். ரெண்டில எது குறைச்சல் கதை எண்டு நீங்களே பாருங்கோ."

அடுத்த நாள் மனேஜரிடம் போனேன்.

மனேஜரின் அறைக்குச் சுற்றிவரக் கண்ணாடி. உள்ளே போகிறவனை எல்லோரும் பார்க்கலாம். இரண்டு தடவை அதைக் கடந்து கழிவறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அவரே நிமிர்ந்து பார்த்ததால் தட்ட வேண்டியதாகிவிட்டது.

"அந்த வேலை எனக்கு விருப்பம்" என்றேன். அந்த ஒரு வசனத்தை ரயிலில் வரும்போது முழு வழியும் பாடமாக்கியிருந்தேன். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் தயாராக இல்லை.

"நீ வேண்டாம் என்று சொன்னாயே" என்றார். கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலிசில் தேத்தண்ணியை வைத்துச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வருகிறீர்கள். நான் கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். அது வேண்டாம் இல்லை. நான் திரும்பக் கேட்கிறேன். அப்போதும் வேண்டாம் என்கிறீர்கள். அதுவும் வேண்டாம் இல்லை. அதற்குப் பிறகு நான் கொண்டுவந்து தருகிறேன். நீங்கள் குடிக்கிறீர்கள். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்படியென்றால் இவ்வளவு காலமும் உனக்குத் தேத்தண்ணி வேண்டியிருந்ததா?"

"யெஸ்" என்றேன்.

அவருடைய கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனது. நான் அதற்கு முன் ஒரு மனேஜர் வெட்கப்பட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் அதை நம்புவதுதான் இவர்களுடைய மரியாதை. திரும்பத் திரும்பக் கேட்பது அவனை நெருக்குவதாகிவிடும். அவர் எனக்கு மரியாதை தந்தார், நான் அவருக்கு மரியாதை தந்தேன், இரண்டு மரியாதைக்கும் நடுவில் வேலை விழுந்துபோகப் பார்த்தது.

ஆனால் அறிவித்தலைக் கழற்ற முடியாது என்று சொன்னார். கம்பனியின் ஒழுங்கு அது. மற்றவர்களோடு நீயும் விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்துக்கு வர வேண்டும், நான் எந்த வாக்கும் தர முடியாது என்றார். அதையும் நேராகச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விண்ணப்பத்தைத் தம்பிதான் கன்ரீனில் வைத்து நிரப்பித் தந்தார். படிப்பு என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதச் சொன்னேன். பேனையைப் பிடித்தபடி யோசித்தார். "இருக்கட்டும்ணா. உள்ளதுதானே" என்று எழுதினார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மனேஜர், ஆட்களைச் சேர்க்கிற பகுதியிலிருந்து ஒரு பெண்மணி, வேறு ஒரு பகுதி அதிகாரி. நீ என்ன என்ன செய்திருக்கிறாய் என்று பெண்மணி கேட்டார். எங்கள் ஆட்களுக்கு இது இன்னொரு கஷ்டம். நான் செய்தேன் என்று சொல்ல வாய் வராது. தம்பி நன்றாகக் கேபிள் பூட்டுவார், மனேஜர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று சொல்லிக்கொண்டு போனேன். "சரி, அந்த நேரத்தில் நீ என்ன செய்வாய்?" என்றார். யோசித்துப் பார்த்து "டோர்ச் பிடிப்பேன்" என்றேன். அந்த மற்ற அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் மனேஜர் முன்னால் சாய்ந்தார். "உனக்கு இந்த வேலை வேண்டுமா?"

அப்போதும் தொண்டைவரைக்கும் "நோ" வந்தது. விழுங்கிக்கொண்டு "யெஸ்" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"யெஸ்."

"உண்மையாகவே வேண்டுமா?"

"யெஸ்."

பெண்மணி அவரைத் திரும்பிப் பார்த்தார். "மூன்று தடவை கேட்க வேண்டும். அது அவர்களுடைய வழக்கம்" என்று மனேஜர் மிகவும் தெளிவாக விளக்கினார். எங்கள் வழக்கத்தை அவர் தலைகீழாக விளங்கி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. எனக்காக ஒருவர் அதை ஞாபகம் வைத்துக் கேட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அதன்பிறகு வந்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் மனேஜர்தானோ என்று திரும்பிப் பார்த்தேன். மாதம் முடிவதற்குச் சற்று முன்னால், நான் தரைப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து முன்புபோலவே குந்தினார்.

"வேலை உனக்குத்தான்" என்றார். பிறகு "டீ?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றேன், அவர் வாய் மூடுவதற்குள்.

என்னைவிடத் தெரிந்தவர்கள் நேர்முகத்துக்கு வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை எடுத்திருந்தால் யாரும் மனேஜரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பழகப் பழக வேலை வரும், கேட்காமல் கழற்றாத ஆள் கிடைப்பது கஷ்டம் என்று ஒருமுறை சொன்னார்.

என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். பாதிக்குமேல் விளங்கவில்லை. பயந்து பயந்து அதைச் சொன்னேன். அடுத்த வருடம் அதே வகுப்புக்குத் திரும்ப அனுப்பினார் மனேஜர். இடையில் தம்பி மதியச் சாப்பாட்டு நேரங்களில் தமிழில் சொல்லித் தந்தார். ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் விலாசம் உண்டு, தெருவும் வீட்டு இலக்கமும் மாதிரி, தபால்காரன்போல ஒரு பெட்டி நடுவில் இருந்து பிரித்துக் கொடுக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முழுப் படமும் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை வகுப்பில் இருந்தபோது எனக்கு அந்த ஆசிரியர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கறுத்தக் கேபிள் போய்விட்டது. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி வயர் வந்தது. ஒருவர் கழற்றினால் அவருடையது மட்டும்தான் நிற்கும். வயர்கள் வந்து சேருகிற அறையில் சின்னச் சின்னப் பச்சை லைட்டுகள் மினுங்கும். காலையில் முதல் வேலையாக அந்த அறையைத் திறந்து பார்ப்பேன். அத்தனை பேர் கதைக்கிறார்கள், ஒரு சத்தமுமில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

கம்பனி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தன்னைக் குலைத்துக் கட்டும். பகுதிகளின் பெயர் மாறும், மேசைகள் இடம் மாறும், வேலை அப்படியே இருக்கும். அப்படி ஒருமுறை குலைத்துக் கட்டியபோது டெக்னீஷியன்கள் எல்லோரையும் நெட்வேர்க் இன்ஜினியர் என்று மாற்றினார்கள். பெயர் போட்ட அட்டைகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சாம் வகுப்பு இன்ஜினியருக்குச் சோறு போடட்டோ?" என்றாள். ஆர்ச்வே முருகன் கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் இன்றைக்கும் நான் கேபிள் வேலை என்றுதான் சொல்வேன். எங்கள் ஆட்களிடம் இன்ஜினியர் என்றால் உடனே எந்த யூனிவேர்சிட்டி என்று கேட்பார்கள்.

மனேஜரை ஒரு தைப்பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டோம். வெள்ளைக்காரரை நெருக்கக் கூடாது, ஒருமுறை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று அந்தக் கிழமை முழுவதும் மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர் முதல் சோற்றைச் சுவைத்துச் சாப்பிட்டு முடித்தார். மனைவி கரண்டியோடு போய் இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். "நோ, நோ, தேங்க்யூ" என்றார். அவள் நான் சொன்னபடியே கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் வெறும் தட்டோடு இருந்தார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"திரும்பக் கேட்க மாட்டார்களா?" என்றார் மெல்ல.

அவர் சொன்னதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். "ஐயோ, பாவம். உங்கட கதையைக் கேட்டு ஒரு மனிசனைப் பட்டினி போடப் பாத்தன்" என்று எழும்பி ஓடினாள்.

அந்த மனேஜர் இப்போது அங்கு இல்லை. ஒரு குலைத்துக் கட்டலில் அவரையும் வயதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். கேக் வெட்டினோம், கைதட்டினோம், அன்று பின்னேரமே அவருடைய கண்ணாடி அறையைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் போகிற வயரை நான்தான் கழற்றினேன். கம்பனிகள் அப்படித்தான். நான் கம்பனிக்கு நன்றி சொல்லும்போது என் மனதில் வருவது அந்தக் கட்டடம் இல்லை. தம்பியும் ஒரு வங்கிக்கு மாறி, பிறகு அமெரிக்கா போய்விட்டார். தீபாவளிக்குப் போன் எடுப்பார். "அண்ணா, இன்னும் டோர்ச்தான் பிடிக்கிறீங்களா?" என்பார்.

அண்மையில் எங்கள் பகுதியில் ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார்கள். விரும்பியவர்கள் தாங்களாகவே விலகலாம் என்றார்கள். புது மனேஜர் ஒரு பெண்மணி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் ரயிலில் வரும்போதே வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். நீங்கள் விலக விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

"நோ" என்றேன். சிரிக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை.

"ஃபெயர் இனஃப்" என்று எழுதிக்கொண்டார். பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சநேரம் கதிரையில் இருந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. அவர்களுடைய அந்த வழக்கம் எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெளியே வந்து கெற்றிலைப் போட்டேன். பக்கத்து மேசையில் புதிதாக வந்த பெண், ஆபிரிக்கா பக்கம் எங்கோ இருந்து வந்தவர், யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. "டீ?" என்று கேட்டேன். "நோ, நோ, தேங்க்யூ" என்றார். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் கேட்டேன். அவருக்கு உண்மையாகவே வேண்டாமாம், தேத்தண்ணி குடிப்பதே இல்லையாம். சரி, கேட்டாயிற்று. எனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.